ஓரியன் வேறோர் ஏவூர்தியில் ஏறுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014இல் டெல்டா 4 ஹெவி ஏவூர்தி ஓரியன் விண்கலத்தைச் சுமந்து சென்றதாகப் படித்தேன். அப்படியிருக்க, அதே கலத்தைச் சந்திரனுக்கு அனுப்ப எஸ்.எல்.எஸ். என்ற புதிய ஏவூர்தி எதற்கு?
– உயர்தர மாணவர், அட்டன்

பதில்: தாங்கள் படித்தது உண்மை. ஓரியன் என்பது ஆட்களை ஏற்றிச் செல்வதற்கான நாசாவின் விண்கலம்; எஸ்.எல்.எஸ். அதற்கான நாசாவின் ஏவூர்தி. 2014 டிசம்பர் 5ஆம் திகதி கேப் கனாவெரலிலிருந்து புறப்பட்ட அந்த ஆளில்லா ஓரியன், பூமியை இரண்டு தடவை சுற்றி, ஏறத்தாழ 5,800 கிலோமீற்றர் உயரம் வரை சென்று, நாலரை மணித்தியாலத்தில் பசிபிக் கடலில் இறங்கியது. சந்திரன் இருப்பதோ சராசரியாக 384,000 கிலோமீற்றருக்கு அப்பால். ஆனால் தடையாக நிற்பது தூரம் அன்று, வேகம். பூமிக்கு அருகே, தாழ்ந்த சுற்றுப்பாதையில் செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கலத்தைச் சந்திரனை நோக்கி வீசிவிட, மேலும் 3.15 கிலோமீற்றர் அளவு வேகத்தைக் கூட்ட வேண்டும்.

தாங்கள் பௌதிகவியல் மாணவராயின் இதைக் கொப்பியிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். திரவ ஐதரசனை எரிக்கும் நல்லதோர் இயந்திரத்தின் வாயு செக்கனுக்கு ஏறத்தாழ 4.5 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறும். 3.15ஐ 4.5ஆல் வகுத்தால் 0.7, இயற்கை மடக்கையின் அடியான 2.718ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும். அதாவது, தாழ்ந்த பாதையில் இருக்கும் மொத்தத் திணிவில் பாதி, புறப்படும்போதே எரிந்து தீர்ந்துவிடும். ஓரியனும், அதற்கு மின்சாரமும் உந்துவிசையும் தரும் சேவைக் கூறும் சேர்ந்து ஏறத்தாழ 26.5 தொன், அவற்றைத் தள்ளும் மேற்கட்டத்தின் (ஏவூர்தியின் உச்சிப் பகுதியின்) வெற்றுக் கூடு 3.5 தொன் என்று கொண்டால் மொத்தம் 30. ஆகவே தாழ்ந்த பாதையில் 60 தொன் வந்து சேர்ந்திருக்க வேண்டும். டெல்டா 4 ஹெவி அங்கே கொண்டுசேர்க்கக்கூடியது 28.8 தொன் மட்டுமே. அதனால் ஓரியனை வாசல் வரை கொண்டுபோய் விட முடியுமே தவிர, அப்பால் தள்ள முடியாது. (அந்த ஏவூர்தியும் 2024 ஏப்ரலோடு ஓய்வு பெற்றுவிட்டது.) எஸ்.எல்.எஸ்.இன் முதல் வடிவமோ 27 தொன்னைச் சந்திரப் பாதையில் நேரே செலுத்தக்கூடியது. 26.5க்கும் 27க்கும் இடையே மிஞ்சுவது அரைத் தொன். நம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஒரு நடையில் அதைவிடக் கூடுதலாக ஏற்றும்.

கேள்வி: நீராவிக் காலத்தில் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை மேட்டில் ஏறும் புகையிரதத்துக்குப் பின்னால் இன்னோர் இயந்திரத்தைப் பூட்டுவார்கள். அதுபோல இரண்டு ஏவூர்திகளில் தனித்தனியே ஏற்றி, மேலே வைத்துப் பூட்டினால் என்ன?
– ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர், நானுஓயா

பதில்: ஐயா, தங்கள் அனுபவம் கேட்ட கேள்வியையே 2019 மார்ச் 13ஆம் திகதி நாசாவின் அப்போதைய நிர்வாகி ஜிம் பிரைடன்ஸ்டைன் அமெரிக்க செனற் குழுவின் முன் எழுப்பினார். எஸ்.எல்.எஸ். தாமதமாகிக்கொண்டிருந்தது, ஓரியனின் ஆளில்லாச் சந்திரப் பயணம் 2020 ஜூனில் நடந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. ஆகவே ஓரியனை ஒரு தனியார் ஏவூர்தியிலும், அதைத் தள்ளும் மேற்கட்டத்தை இன்னொன்றிலும் ஏற்றிப் பூமியைச் சுற்றும் பாதையில் இணைக்கலாமா என்று ஆராய்வதாக அவர் அறிவித்தார். ஆனால் சுற்றுப்பாதையில் எதனுடனும் இணையும் ஆற்றல் அன்றைய ஓரியனிடம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

கடுகண்ணாவை மேட்டில் இரண்டாவது இயந்திரம் வந்து பூட்டிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வண்டியின் இரு முனையிலும் கொளுவி முன்கூட்டியே அமைந்திருந்ததுதான். விண்கலத்துக்கும் அந்தக் கொளுவி, வரைபடத்தில் முதல் கோடு போடும் நாளிலேயே வேண்டும். பிறகு ஒட்டவைக்கப் புறப்பட்டால் மென்பொருள், உணரிகள், சோதனைகள் என்று ஆண்டுகள் ஓடிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. திரவ ஐதரசன் சதா ஆவியாகிக்கொண்டே இருக்கும். முதலில் மேலேறிய எரிபொருள் கட்டம், இரண்டாவது ஏவூர்தி மழைக்கோ காற்றுக்கோ தளத்திலேயே காத்துக் கிடக்கும்போது தன் எரிபொருளை இழந்துகொண்டிருக்கும்.

இரண்டே வாரத்தில் அந்த யோசனை பின்தள்ளப்பட்டது. காலம் போதாது என்பதே சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். எஸ்.எல்.எஸ். இறுதியில் பறந்தது 2022 நவம்பர் 16ஆம் திகதி. இரண்டு ஏவூர்திகளை இணைக்கும் கொளுவியைச் செய்து முடிக்க அந்தக் கால அவகாசம் போதியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அவ்வளவு தாமதமாகும் என்று 2019இல் யாரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளத் துணியவில்லை.

கேள்வி: ஃபால்கன் ஹெவி ஒன்றே போதாதா? அதன் திறன் 60 தொன்னைத் தாண்டுகிறதே!
– வாசகி, பண்டாரவளை

பதில்: தாளில் போதும். எந்தப் பாகத்தையும் மீட்காமல் முழுமையாகச் செலவிட்டால் 63.8 தொன்னைத் தாழ்ந்த பாதையில் சேர்க்கலாம் என்பது ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் சொல்லும் கணக்கு. எஸ்.எல்.எஸ்.இல் உள்ள அதே ஐதரசன் மேற்கட்டத்தை எரிபொருளோடு, 30 தொன்னுக்கு மேலாக, ஓரியனின் கீழே வைத்து அதன் தலையில் ஏற்றினால் மொத்தம் 57 தொன் அளவில் வருகிறது. இந்த யோசனையையும் 2019இல் நாசா ஆராய்ந்தது. முடியாதது என்று தள்ளிவிடவில்லை.

ஆனால் ஏவூர்தி என்பது எடையைத் தூக்கும் கம்பம் மட்டும் அன்று. ஃபால்கனைக் கிடையாகப் படுக்கவைத்துத்தான் பூட்டுவார்கள். ஓரியனையோ நிமிர்த்திவைத்துப் பூட்டுவதற்காகவே வடிவமைத்தார்கள். ஃபால்கனின் தளத்தில் மண்ணெண்ணெயும் ஒட்சிசனும் நிரப்பும் குழாய்கள் இருந்தன. அக்கட்டத்துக்கு வேண்டிய ஐதரசன் குழாய்கள் இருக்கவில்லை. 3.7 மீற்றர் விட்டமுள்ள மெலிந்த ஏவூர்தியின் உச்சியில் 5 மீற்றர் அகலமான சுமை குந்தியிருந்தால், காற்று அதை எப்படி வளைக்கும் என்பதையும் புதிதாக ஆராய வேண்டும். ஏறும்போது ஆட்களைக் காப்பாற்றும் தப்பியோடும் கோபுரமும் அந்த உச்சியில்தான் நிற்கும். அதனால், ஃபால்கன் ஹெவியில் ஓரியன் என்ற யோசனையைப் புதிய ஏவூர்தி ஒன்றைச் செய்வதற்குச் சமமாக எண்ணத் தேவையில்லை என்றாலும், அதைத் தளத்திலிருக்கும் ஒன்றை எடுத்து மாட்டும் வேலையாகச் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: எஸ்.எல்.எஸ். ஒரு தடவை பறக்க எவ்வளவு செலவாகும்?
– நுவரெலியா

பதில்: முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டொலர் என்று 2022 மார்ச்சில் நாசாவின் கண்காணிப்பாளர் நாயகம் அமெரிக்கக் காங்கிரஸில் சொன்னார். அதில் ஏவூர்திக்கு மட்டும் 220 கோடி.

கேள்வி: அப்பலோ காலத்தில் இப்படி ஒரு விவாதம் நடந்ததா? இன்று பிற நாடுகள் எந்த வழியில் போகின்றன?
– ஆசிரியை, ஹப்புத்தளை

பதில்: நடந்தது, அதுவும் கடுமையாக. நோவா என்னும் மாபெரும் ஏவூர்தியில் நேரே போய் இறங்குவது ஒரு கட்சி. பல ஏவூர்திகளில் ஏற்றிப் பூமியருகே கூட்டிச் சேர்ப்பது நாசாவின் ஏவூர்திப் பொறியியலாளர் வெர்னர் ஃபொன் பிரவுனின் கட்சி. இறங்கும் கலத்தை மட்டும் பிரித்து அனுப்பிவிட்டு, சந்திரனைச் சுற்றும் பாதையில் மீண்டும் சந்திப்பது மூன்றாவது; அதற்காக லாங்லி ஆய்வு மையத்தின் ஜோன் ஹூபோல்ட், மேலதிகாரிகளின் தலைக்கு மேலாகவே 1961 நவம்பரில் கடிதம் எழுதினார். 1962 ஜூன் 7ஆம் திகதி ஃபொன் பிரவுன் தம் கட்சியைக் கைவிட்டு ஹூபோல்டின் பக்கம் வந்தார். அடுத்த மாதமே நாசா அதைத் தெரிவுசெய்தது. வழியை முதலில் முடிவுசெய்து, அதற்கு ஏற்பக் கலத்தின் எடையைக் கட்டுப்படுத்தியதால்தான் சற்றர்ன் 5 என்னும் ஒரே ஏவூர்தியில் எல்லாம் அடங்கின.

ஓரியனுக்கு நேர்ந்தது வேறு. கொன்ஸ்டலேஷன் என்ற நாசாவின் முந்தைய சந்திரத் திட்டத்தில் ஏரீஸ் 1 என்ற ஏவூர்திக்காக அது பிறந்தது. 2010இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவானபோது கலம் தப்பியது, ஏவூர்தி தப்பவில்லை. பெண்ணை வளர்த்துவிட்டு வீட்டைப் பறிகொடுத்த குடும்பம் போல அது வேறு வாகனம் தேடி நின்றது.

சீனாவின் திட்டம் தெளிவானது: ஏறத்தாழ 27 தொன்னைச் சந்திரப் பாதைக்கு அனுப்பவல்ல லோங் மார்ச் 10 ஏவூர்திகள் இரண்டு, ஒன்றில் மெங்ஜோ என்னும் ஆட்கலம், மற்றதில் லன்யுவே என்னும் இறங்குகலம், இரண்டும் சந்திரனருகே சந்திக்கும். 2030க்கு முன் இறங்குவதே அவர்களின் இலக்கு. இந்தியா ஆளில்லாச் சந்திரயான் 4ஐ இரண்டு எல்.வி.எம். 3 ஏவூர்திகளில் பிரித்து அனுப்பத் திட்டமிடுகிறது. சுற்றுப்பாதையில் இணையும் வித்தையை 2025 ஜனவரி 16ஆம் திகதி ஸ்பேடெக்ஸ் மூலம் செய்துகாட்டியும்விட்டது. பிரித்து ஏற்றுவதே சிறு நாடுகளுக்கும் எட்டும் வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: ரஷ்யர்கள் ஆமைகளைச் சந்திரனுக்கு அனுப்பினார்களாமே! அது எந்த ஏவூர்தி?
– 8ஆம் தர மாணவி, கொட்டகலை

பதில்: புரோட்டன், மகளே. சந்திரனில் இறங்குவதற்கென்று சோவியத் ஒன்றியம் கட்டிய என் 1 ஏவூர்தியின் முதற்கட்டத்தில் 30 இயந்திரங்கள் இருந்தன. 1969 முதல் 1972 வரை அது நான்கு தடவை புறப்பட்டது, நான்கும் தோல்வி. இறங்காமல் சுற்றிவர மட்டும் புரோட்டன் போதும் என்று கருதி, சோயுஸ் கலத்தின் முன்பாகத்து அறையையே கழற்றி எடை குறைத்தார்கள். அந்தக் கலம் 1968 செப்டெம்பரில் ஸொண்ட் 5 என்ற பெயரில் இரண்டு ஆமைகளோடு சந்திரனைச் சுற்றிவந்து, 21ஆம் திகதி நம் இந்து சமுத்திரத்தில் விழுந்தது. ஆனால் நவம்பரில் ஸொண்ட் 6 காற்றழுத்தத்தை இழந்து தரையில் மோதியதால் ஆட்களை ஏற்ற அவர்கள் துணியவில்லை. டிசம்பரில் அப்பலோ 8 முந்திக்கொண்டது. ஆமைகள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்திருந்தாலும் சுறுசுறுப்பாகவே இருந்தன, பசியும் குறையவில்லை.