மகள் அணு உலை ஆய்வுக்குப் போகலாமா?

பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் மகள் அணு உலையில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறார், உங்களுக்கோ தூக்கம் போய்விட்டது. முதலில் உலையின் அளவைப் பாருங்கள். 1996-இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய காமினி என்ற ஆய்வு உலையின் திறன் வெறும் 30 கிலோவாட். அது மின்சாரத்துக்கானது அல்ல, ஆய்வுக்கு நியூட்ரான் தருவது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 20 கிலோவாட் திறனுள்ள ஸ்லோபோக் என்ற சிறிய ஆய்வு உலை 1984 முதல் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. அந்தத் தீவின் மண்ணையும் உணவையும் அலசவும், சில பகுதி மண்ணில் காட்மியம் மிக அதிகம் என்று கண்டறியவும் அதுதான் கைகொடுத்தது.

இத்தகைய உலைகளில் நாள் முழுக்க நடப்பது மாதிரிகளோடு மல்லுக்கட்டும் வேலைதான். நியூட்ரான் பட்ட தனிமங்கள் கதிரியக்கம் பெற்று வெளிவிடும் காமா கதிரை எண்ணி, எது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முறை. உலர்த்திப் பொடித்த மண், அரிசி, தலைமுடி ஏதாவது ஒன்றில் 100-200 மில்லிகிராம் எடுத்து, பாலித்தீன் குப்பியில் அடைத்து உலைக்குள் அனுப்புவார்கள். உதாரணத்துக்கு, ஆர்சனிக் நியூட்ரானை வாங்கிக் கதிரியக்கமுள்ள ஆர்சனிக்-76 ஆகும். அரை ஆயுள், அதாவது அது பாதியாகும் நேரம், 26 மணி. அதன் 559 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிரை, திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய ஜெர்மானியம் டிடெக்டர் எண்ணும்.

உலையிலிருந்து எடுத்த உடனே எண்ணினால், மாதிரியிலுள்ள சோடியத்திலிருந்து உண்டாகும் சோடியம்-24-இன் கதிர்கள் மற்றதையெல்லாம் மூழ்கடித்துவிடும். சில நாள் ஆறவிட வேண்டும். அலுமினியத்துக்கு நேர்மாறு: 2 நிமிடத்தில் பாதியாகிவிடும், ஓட்டமாக ஓடி எண்ண வேண்டும். ஆர்சனிக்கின் 559-க்கு இருபுறமும் புரோமினின் கதிர் 554-இலும் ஆன்டிமனியின் கதிர் 564-இலும் நெருக்கி நிற்பதால் பலர் இங்கேதான் தவறான எண்ணை எழுதுகிறார்கள். பாதரசம் குப்பியிலிருந்தே ஆவியாகித் தப்பிவிடும். எஃகுக் கத்தியால் நறுக்கினால் குரோமியம் மாதிரியில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளின் உடலில் ஈயம் எவ்வளவு என்ற முக்கியமான கேள்விக்கு இந்த முறை உதவாது. அதற்கு வேறு கருவி வேண்டும் என்பதையும் மாணவி தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் பயம் நியாயமானதே. பணியாளர் உடலில் படலாம் என்ற கதிர்வீச்சின் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு). சட்டையில் மாட்டும் டி.எல்.டி. என்ற கதிர்வீச்சு அளவிடும் பட்டை, உடலில் படும் அளவைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது மகளின் உரிமை.

எம்.எஸ்சி. முடித்தபின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சிப் பள்ளி ஒரு வழி. கேட் (GATE) என்ற தேசியத் தேர்வின் மதிப்பெண் அதற்குக் கைகொடுக்கும், நேர்காணலும் உண்டு. நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாக முனைவர் பட்டத்துக்கும் போகலாம். இந்த செமஸ்டரிலேயே ஒரே பொடியைப் பத்து முறை எடைபோட்டு, எடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டு, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.