கேமிங் கணினி: பெட்டியின் மேல் உள்ள பெயரும் உள்ளே உள்ள பொருளும்

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன் கேமிங் கணினி கேட்கிறான். ‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விலை 18,000 ரூபாய்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். ஐ7 என்றாலே உயர்ந்தது என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். ஐ7 என்பது இன்டெல் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் பிராசஸர்களில் ஒரு வரிசைக்கு வைத்திருந்த பெயர். அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். இந்த விலைக்கு விற்கப்படும் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது 2011-இல் வந்த ஐ7-2600 அல்லது 2012-இல் வந்த ஐ7-3770. 2022-இல் வந்த ஐ3-12100எஃப் பெயரளவில் கீழ் வரிசைதான். ஐ7-3770-இல் உள்ளதைப் போலவே அதிலும் நான்கு கோர்கள்தான், அதாவது தனித்தனியே வேலை செய்யும் நான்கு பகுதிகள்தான். ஆயினும் விளையாட்டில் அது ஐ7-3770-ஐத் தெளிவாக முந்திவிடும், ஏனென்றால் பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையின் வேகம் அவ்வளவு கூடியிருக்கிறது.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்பதும் இப்படித்தான். ஜிபி என்பது கார்டில் உள்ள நினைவகத்தின் கொள்ளளவே தவிர, அதன் வேகம் அன்று. இத்தகைய கணினிகளில் அடிக்கடி வைக்கப்படுவது 2014-இல் வந்த ஜிடி 730. அது திரையில் படம் காட்டவும் வீடியோ பார்க்கவும் போதுமானது, இன்றைய விளையாட்டுகளுக்குப் போதாது. இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. வாலரண்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-இல் ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 (கணினியின் ரகசியக் குறியீடுகளைக் காக்கும் பாதுகாப்பு அமைப்பு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளுடன் மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் அமைப்பு) ஆகிய இரண்டும் இயங்க வேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் (எல்லாப் பாகங்களும் பொருத்தப்படும் முதன்மைப் பலகைகளில்) டிபிஎம் 2.0 இருப்பதில்லை.

அந்தக் கணினி எதற்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. கடையில் கணக்கு எழுத, கடிதம் தட்டச்சு செய்ய அது இன்னும் சில காலம் உழைக்கும், அதற்கேற்ற விலைக்குக் கிடைத்தால். விளையாட்டுக்கென்று சொல்லி விற்பதுதான் தவறு. எந்தக் கணினியாக இருந்தாலும், பிராசஸரின் முழு எண், மதர்போர்டின் மாடல், கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயர், எஸ்எம்பிஎஸ்ஸின் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியின்) நிறுவனமும் மாடலும் ஆகிய நான்கையும் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் மேற்கொண்டு பேச வேண்டிய தேவை இல்லை.

கேள்வி: மானிட்டர், விசைப்பலகை ஏற்கெனவே இருக்கின்றன. கணினிப் பெட்டிக்கு மட்டும் 50,000 ரூபாய் வைத்திருக்கிறேன். எந்தெந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது; ஆகவே பழைய விலைப்பட்டியல்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரூபாயில் சொல்வதைவிடப் பங்காகச் சொல்கிறேன். 1080பி (1920×1080 புள்ளிகள் கொண்ட) திரையில் விளையாடுவதற்கான கணினியில் மொத்தப் பணத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். ஆர்எக்ஸ் 6600 இந்த அளவில் நான் முதலில் விசாரிக்கச் சொல்லும் கார்டு. 8 ஜிபி நினைவகம் உண்டு, மின் தேவை 132 வாட் மட்டுமே. அதற்கு இணையான பிராசஸராக ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 அல்லது இன்டெல்லின் ஐ5-12400எஃப் போதும். இரண்டிலும் ஆறு கோர்கள், பன்னிரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை வரிசைகள்). இதற்கு மேல் பிராசஸருக்குச் செலவழித்தால் அந்தப் பணம் கார்டின் பங்கிலிருந்துதான் போகும், விளையாட்டில் அதன் பயன் தெரியாது. ரேம் வாங்கும்போது 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். இரண்டு தடங்களில் தகவல் போய்வரும்போதுதான் பிராசஸர் முழு வேகத்தில் இயங்கும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எஸ்எம்பிஎஸ். கேபினட்டுடன் இலவசமாகவோ 700, 800 ரூபாய்க்கோ வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ‘450 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். ‘80 ப்ளஸ்’ முத்திரை நல்ல அடையாளம்தான். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே சான்றளிக்கிறது, மின்னழுத்தம் ஏறினாலும் ஷார்ட் ஆனாலும் தானே அணைந்து மற்ற பாகங்களைக் காக்குமா என்பதைச் சொல்வதில்லை. ஆகவே முத்திரையோடு வாரண்டிக் காலத்தையும் பாருங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டு வாரண்டி தருகிற நிறுவனம் தன் பொருளை நம்புகிறது என்று கொள்ளலாம். நான் முதன்முதலில் சேர்த்த கணினியில் எண்ணூறு ரூபாய் எஸ்எம்பிஎஸ்தான் வைத்தேன். ஒரு கோடைக்கால மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பிய நொடியில் அது எரிந்தது மட்டுமல்லாமல், மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்த குடும்பப் படங்கள் இன்றுவரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

பணம் போதவில்லை என்றால் கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி வைத்து ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு. எளிய போட்டி விளையாட்டுகளைக் குறைந்த தர அமைப்பில் அது ஓட்டும். ஆனால் பெயரில் ஓர் எழுத்து மட்டுமே வேறாக இருந்தாலும், 5600-இல் 32 எம்பி எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), 5600ஜி-இல் 16 எம்பிதான். கார்டு வாங்கப்போவது ஆறு மாதத்தில் உறுதி என்றால், 5600ஜி வாங்குவதைவிட அந்த ஆறு மாதம் காத்திருந்து 5600-உடன் சேர்த்து வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். சென்னைக்கு வர இயலுமானால் ரிச்சி தெருவில் ஒரே கடையில் முடிக்காமல் நான்கு கடைகளில் பாகம் பாகமாக விலை எழுதி வாங்குங்கள்; ஒரு கடையில் பிராசஸர் மலிவாக இருக்கும், அதே கடையில் ரேம் விலை கூடுதலாக இருக்கும்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கினேன். நண்பனிடமும் அதே கார்டுதான். அவனுக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கை (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) எனக்கு வருவதில்லை. பழுதா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு, இரண்டும் வெவ்வேறு கார்டுகளாக இருக்கலாம். 2022-இல் வந்த 3050-இல் 8 ஜிபி நினைவகம், 2560 கோர்கள் (பிராசஸரின் கோர்களைவிட மிகச் சிறியவை), 128 பிட் தடம் (நினைவகத்துக்குத் தகவல் போய்வரும் பாதையின் அகலம்). 2024-இல் அதே பெயரில் வந்ததில் 6 ஜிபி, 2304 கோர்கள், 96 பிட் தடம். பின்னதற்கு 70 வாட் போதும் என்பதால் பெரும்பாலும் தனி மின் இணைப்பே இருக்காது. உங்கள் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கேபிள் எதுவும் போகவில்லை என்றால் அது 6 ஜிபி கார்டுதான். பழைய கணினியில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் சேர்க்க அது நல்ல கார்டு. ஆனால் 8 ஜிபி என்று எண்ணி வாங்கியவருக்கு அது நட்டம்.

இதே நிலை ஆர்எக்ஸ் 580-இலும் உண்டு. மூல 580-இல் 2304 ஷேடர்கள் (மேலே சொன்ன கார்டுக் கோர்களைப் போன்றவை). ‘2048எஸ்பி’ என்ற பின்னொட்டுடன் வந்ததில் உள்ளவை 570-இன் 2048 ஷேடர்கள்தான், பின்னொட்டை விட்டுவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கார்டைப் பொருத்திய அன்றே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் நினைவகம், ஷேடர் எண்ணிக்கை, தடத்தின் அகலம் ஆகியவற்றைப் பார்த்து, பில்லில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். பில்லில் ‘8 ஜிபி’ என்று எழுதி 6 ஜிபி கொடுத்திருந்தால் மாற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெறுமனே ‘கிராபிக்ஸ் கார்டு 1’ என்று எழுதியிருந்தால் உங்கள் வாதம் வலுவிழக்கும்.

கேள்வி: நானே எல்லாவற்றையும் பொருத்தினேன். விசிறிகள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசஸர் ஐ3-12100எஃப். எந்தப் பாகம் கெட்டிருக்கும்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: புதிதாகப் பொருத்திய கணினியில் இந்த நிலை வந்தால் பாகம் கெட்டிருப்பதைவிட இணைப்பில் தவறு இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். பெயரின் இறுதியில் ‘எஃப்’ உள்ள இன்டெல் பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட வேண்டும். கார்டுக்கு 6 அல்லது 8 பின் மின் இணைப்பு இருந்தால் அதையும் முழுமையாக அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அடுத்து, பிராசஸருக்கான மின் இணைப்பு. மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் அல்லது 4 பின் துளை அது. 24 பின் இணைப்பை மட்டும் செருகிவிட்டு இதை விட்டுவிடுவது மிகப் பலருக்கு நேர்கிறது. விசிறிகள் சுற்றும், பிராசஸர் இயங்காது. இதுவும் சரி என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேம் துண்டுகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில், ‘டக்’ என்று ஒலி கேட்கும்வரை அழுத்திப் பாருங்கள். சிறிய மதர்போர்டில் இரண்டே ஸ்லாட்கள் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். உங்கள் மதர்போர்டில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சிறிய விளக்குகள் இருந்தால் வேலை எளிது. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

இவற்றுக்குப் பிறகும் படம் வரவில்லை என்றால், மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்துவிட்டுப் போட்டால் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். பி450 போன்ற பழைய மதர்போர்டில் ரைசன் 5000 வரிசை பிராசஸரைப் போடுபவர்களுக்கு வேறொரு காரணம் உண்டு: பயாஸ் பழையதாக இருந்தால் புதிய பிராசஸரை அது அறியாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிப் புதுப்பித்து வாங்குவது நல்லது. கடைசியாக, பிராசஸர் அமரும் சாக்கெட்டைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் வகைப் பிராசஸரில் பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் இத்தகைய கோளாறு வரும், வளைந்த பின்னுக்கு வாரண்டி பொதுவாகக் கிடைப்பதில்லை. நான் முன்பு எழுதிய மற்ற படிகளை முடித்த பிறகே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் அவசரமாகத் திறக்கும்போதுதான் பின்கள் வளைகின்றன.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இழுக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முதலில் சுவரில் உள்ள பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் மின்கம்பிகளையும் உலோகப் பெட்டியையும் இணைத்திருக்கும். அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பி வழியாகத் தரைக்குப் போக வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருப்பதில்லை, அல்லது இரண்டு பின் மாற்றியைப் போட்டு எர்த்தை நாமே துண்டித்துவிடுகிறோம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். எர்த் சரியாக இருந்தும் இழுத்தால் கணினியை உடனே நிறுத்திவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கியும் வேறுபாடே தெரியவில்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: விண்டோஸில் திரை அமைப்புகளுக்குள் போய் 60 என்று இருப்பதை 144 ஆக நீங்களே மாற்ற வேண்டும். அதே நாளில் பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பையும் (ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கிவிடுங்கள். அதை இயக்காவிட்டால் 3200 என்று விற்கப்படும் ரேம் பலவும் 2133 அல்லது 2666 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ‘பில் இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு குறையும், வாரண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கடைக்காரர் சொல்கிறார். ஏற்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: ஏற்காதீர்கள். அந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி. அதைத் தவிர்க்கும்போது நீங்கள் வாங்கியதற்கான சான்றையும் சேர்த்து இழக்கிறீர்கள். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் வாரண்டி தருவது கடைக்காரர் அல்லர், தயாரிப்பாளரின் சேவை மையம். பில்லைக் கேட்பதும் அவர்கள்தான். பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்குமதிப் பொருளுக்கு அது சட்டப்படி கட்டாயம். அது இல்லாத பொருள் முறையான வழியில் வராததாக இருக்கலாம், அப்போது இந்தியாவில் வாரண்டி கிடைக்காமல் போகும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அதே வகையில் சேரும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற ரப்பர் முத்திரையைக் கண்டு குறைபாடுள்ள பொருளுக்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது முத்திரை உடைவது முதல் சாக்கெட்டின் பின்கள்வரை தெரியும்படி செல்பேசியில் படம்பிடித்து, வாரண்டி முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.