குளிர்காலத்தில் தவளைப் பெட்டியின் ஈரப்பதமும் சூடும்

கேள்வி: வைட்ஸ் மரத்தவளை ஒன்று வளர்க்கிறேன். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து பெட்டியில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை தண்ணீர் தெளித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

டொராண்டோவில் ஆறு வருடமாக இதே தவளையை வளர்க்கிறேன். முதலில் அந்தத் தெளிப்பு பாட்டிலைக் கீழே வையுங்கள். இந்த இனத்துக்கு ஓரளவு உலர்ந்த காற்றைவிட, காற்றோட்டமே இல்லாமல் நாள் முழுக்க நசநசவென்று கிடக்கும் பெட்டிதான் ஆபத்து. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

என் முதல் குளிர்காலத்தில், கடையில் "ஈரம் குறையவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் வலைமூடி முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிட்டேன். ஈரப்பத மீட்டர் 90 காட்டியது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் திறந்தால் நனைந்த சாக்கு வாடை. குண்டு (அதுதான் பெயர்) மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன், தொடையின் உட்புறம் வெயிலில் காய்ந்த தோல் மாதிரி சிவந்திருந்தது. பாக்டீரியா தொற்று என்றார் மருத்துவர். பத்து நாள் மருந்து. அதுவரை ஈரப் பேப்பர் டவல் மட்டும் விரித்த தனிப் பெட்டி, தினமும் மாற்ற வேண்டும். பிழைத்துவிட்டது. அந்தப் பத்து இரவும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

சரி, 30 ஏன் வருகிறது? வெளியே மைனஸ் 10 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். காற்றில் உள்ள நீர் குறையவில்லை. சூடான காற்று கூடுதல் நீரைத் தாங்கும் என்பதால் விகிதம்தான் விழுகிறது. நாம் சமைப்பதாலும் குளிப்பதாலும்தான் வீட்டில் கொஞ்சமாவது ஈரம் மிஞ்சுகிறது. பெட்டிக்குள்ளும் இதே கணக்குதான்: மேலே சூட்டு விளக்கைப் போட்டால் ஈரப்பதம் விழும். அதனால் முதலில் வெப்பத்தை நிலைப்படுத்துங்கள், அப்புறம் ஈரத்தைத் தொடுங்கள்.

என் பெட்டியில் பகலில் சூடான பக்கம் 27 முதல் 29 டிகிரி, மறுபக்கம் 23, 24. இரவில் 19 வரை இறங்க விடுகிறேன். வலைமூடிக்கு மேலே, வெளிப்புறமாக, வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர் ஒன்று தெர்மோஸ்டாட்டோடு (வைத்த சூட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். சூட்டுப் பாயை அடியில் வைப்பதும் வேண்டாம். மண் அடியிலிருந்து காயும், தரையில் உட்காரும் தவளைக்கு வயிறு சுடும். பாய்தான் இருக்கிறது என்றால் பக்கவாட்டுக் கண்ணாடியில் வெளிப்புறமாக ஒட்டுங்கள்.

ஈரப்பதம் 50 முதல் 70 இருந்தால் போதும். மாலையில் ஒரே ஒரு முறை நன்றாகத் தெளிக்கிறேன், 80 வரை ஏறும். மறுநாள் மதியம் 50க்கு வந்து இலையெல்லாம் காய்ந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கம் தவளைக்குப் பழக்கமானது. ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்கிலும், நியூகினியின் தெற்கிலும் வாழும் தவளை இது. மழைக்காலம், வறண்ட காலம் இரண்டையும் பார்த்தது. தோலின் மெழுகுப் பூச்சு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அங்கே தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். (பெயரைப் பார்த்து வெள்ளைத் தவளை என்று நினைக்க வேண்டாம். 1790இல் இதை விவரித்த ஜான் வைட் என்ற அறுவை மருத்துவரின் பெயர் அது.)

ஈரத்தை நிறுத்தி வைப்பது தெளிப்பு அல்ல, மண். அடியில் 5 செ.மீ. சுட்ட களிமண் உருண்டைகள், மேலே வலைத்துணி, அதற்கு மேல் 7 செ.மீ. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). வாரம் ஒரு முறை மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால், அது மெல்ல மேலே ஏறி ஆவியாகும். மேல்மண் ஈரமாக இருக்கலாம், சேறாகக் கூடாது. ஒரு மணி பிளாண்ட் வையுங்கள், ஈரமும் தரும், தவளை உட்காரத் தண்டும் ஆகும். வலைமூடியில் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடி, ஹீட்டர் இருக்கும் மீதியைத் திறந்தே விடுங்கள். எனக்கு 30லிருந்து 55க்கு ஏற்றியது இந்தத் தகடுதான்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. அதனால் அகலமான தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குளோரினை ஒரு நாள் திறந்து வைத்தால் போகும். ஆனால் டொராண்டோ குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோராமின், அது அப்படிப் போகாது. மீன்தொட்டிக்கு விற்கும் நீர்ச் சுத்திகரிப்புத் துளிகளைச் சேர்த்தே ஊற்றுகிறேன்.

உங்கள் மீட்டர் முள் வைத்ததா? என்னுடைய பழைய முள் மீட்டர் 18 புள்ளி தவறாகக் காட்டியது. டிஜிட்டலையும் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப் புகாத பையில் ஒரு இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் தவளையைப் பாருங்கள். பகல் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் பெட்டி காய்ந்திருக்கிறது அல்லது சூடு அதிகம். இரவாகியும் பழுப்பாக, அசையாமல் இருந்தால் பெரும்பாலும் குளிர். கால்களை மடக்கிக்கொண்டு, பச்சையாக, இலைமேல் பகலில் தூங்கினால் கவலையில்லை. தொடையோ வயிறோ சிவந்திருந்தால் மட்டும் வெப்பநிலையைச் சரிசெய்துகொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.