12 அங்குல சப்வூஃபர் வாங்கும் முன் சோபாவை நகர்த்திப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஒரு அறையை ஹோம் தியேட்டராக மாற்றியிருக்கிறோம். 15 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. 11 அடிச் சுவரில் டிவி, எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. 5.1 செட்டில் (ஐந்து ஸ்பீக்கர், 'பேஸ்' எனும் தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபர்) உள்ள 10 அங்குல சப்வூஃபரை டிவிக்கு வலப்பக்க மூலையில் வைத்திருக்கிறோம். சண்டைக் காட்சி வந்தால் 'தொம் தொம்' என்று ஒரே இரைச்சல். பாட்டிலோ சில பேஸ் சுரங்கள் கேட்பதே இல்லை. வசனமும் தெளிவில்லை. கடையில் 12 அங்குல சப்வூஃபருக்கு மாறவும், சுவரில் ஃபோம் ஒட்டவும் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் கோளாறு சப்வூஃபரில் இருப்பதாகத் தெரியவில்லை. அறையில் இருக்கிறது, நீங்கள் உட்காரும் இடத்தில் இருக்கிறது. அதே மூலையில் 12 அங்குலத்தை வைத்தால் அதே 'தொம்' இன்னும் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் செய்ய வேண்டியது தானாகப் புரியும். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. 38 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 30 அடி நீளம். உங்கள் அறையின் நீளம் அதில் சரிபாதி. அதனால் அந்த ஒலி இரு சுவர்களுக்கும் இடையில் போய்த் திரும்பி, தன் மேலேயே ஏறி நின்றுவிடுகிறது. சுவரை ஒட்டி அது மிகப் பலமாக இருக்கும், அறையின் நடுவில் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. 11 அடி அகலத்துக்கு இதே கதை சுமார் 51 ஹெர்ட்ஸில் நடக்கிறது, 10 அடி உயரத்துக்கு 56-இல். நம் ஊர்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை வெளியே விடுவதில்லை. மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் அது கொஞ்சம் அதிர்ந்து கொஞ்சத்தைத் தின்றுவிடும். நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும்.

இதைக் காதால் கேட்டுவிடுங்கள். போனில் ஒரே ஒலியைத் தொடர்ந்து ஓடவிடும் இலவச டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரோடு இணைத்து, 38 ஹெர்ட்ஸை அளவான சத்தத்தில் ஓடவிடுங்கள். சோபா பக்கச் சுவரில் முதுகை வைத்து நின்றால் காது அடைப்பதுபோல் இருக்கும். அங்கிருந்து டிவியைப் பார்த்து மெல்ல நடந்து வாருங்கள். ஏழு, ஏழரை அடி வந்ததும் சத்தம் காணாமல் போகும். சப்வூஃபரின் முகத்தில் ஆடும் கூம்பை, அதாவது கோனைத் தொட்டுப் பாருங்கள், அது முன்போலவே ஆடிக்கொண்டுதான் இருக்கும். இன்னும் நாலடி நடந்தால் சத்தம் திரும்பி வரும்.

ஆகவே முதல் வேலை சோபா. பின்சுவரிலிருந்து உங்கள் காது ஐந்து, ஐந்தரை அடி தள்ளி இருந்தால் நல்லது. அறையில் அதற்கு வழியில்லை என்றால் மூன்றடியாவது முன்னே இழுங்கள். சுவரை ஒட்டியும் வேண்டாம், நட்டநடுவிலும் வேண்டாம். வீட்டில் இதற்குத்தான் எதிர்ப்பு வரும், தெரியும். சோபாவுக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரியை வைத்து அந்த இடத்துக்கு வேலை கொடுத்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

அடுத்தது சப்வூஃபர். மூலையில் வைத்தால் நான் மேலே சொன்ன மூன்று அதிர்வுகளையும் ஒரே சமயத்தில் முழு பலத்தோடு கிளப்பிவிடும். சத்தம் அதிகம் வருவதால் கடைக்காரர்களுக்கு மூலை பிடிக்கும். உங்கள் அறையில் நான் முதலில் வைத்துப் பார்க்கும் இடம் டிவிச் சுவரின் நடு. அங்கே வைத்தால் அகலவாக்கில் எழும் 51 ஹெர்ட்ஸ் அதிர்வு கிளம்புவதே இல்லை. சோபாவில் நடுவில் இருப்பவருக்கும் ஓரத்தில் இருப்பவருக்கும் பேஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். டிவி ஸ்டாண்டு இடிக்கிறது என்றால், அதே சுவரில் பக்கச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். எங்கே வைத்தாலும் சுவரை ஒட்டியே இருக்கட்டும். இரண்டு, மூன்று அடி முன்னே இழுத்து வைப்பதால் சப்வூஃபருக்கு லாபம் இல்லை.

இந்த இரண்டு இடமும் சரிப்படவில்லை என்றால், தொழிலில் இருப்பவர்கள் பலரும் செய்யும் முறை ஒன்று உண்டு. சப்வூஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடக்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். காது தரையோடு, சப்வூஃபர் நிற்கும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம் ஒன்று கிடைக்கும். அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். சத்தம் மிக அதிகமாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பலரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். ஒலி கிளம்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அறை ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் குறி போட்ட இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்பினால் அதே பேஸ் கிடைக்கும்.

இனி வசனம். வசனம் பெரும்பாலும் வரும் நடு ஸ்பீக்கரான சென்டர் ஸ்பீக்கர் டிவி யூனிட்டின் தட்டுக்குள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். அதன் முகம் தட்டின் விளிம்புக்கு வர வேண்டும், ஓரிரு விரற்கடை வெளியே நீட்டினாலும் தப்பில்லை. முன்பக்க அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான கம்பளம் ஒன்று, ஜன்னலுக்குத் தடித்த திரை. வசனத்துக்கு இவை உடனே பலன் தரும். பேஸுக்குத் தராது. ஃபோமும் அப்படியே. 30 அடி அலையை இரண்டு அங்குல ஃபோம் ஒன்றும் செய்யாது.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் நடுவே ஏழடி இடைவெளி விடுங்கள். பக்கச் சுவர்களிலிருந்து இரண்டடி கிடைக்கும். காது பின்சுவரிலிருந்து ஐந்தரை அடி தள்ளி இருந்தால், நேர் எதிரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் விலகும் கோணம் டால்பி நிறுவனம் சொல்லும் 22 முதல் 30 டிகிரியை ஒட்டி வரும். ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் சிறிய பகுதியான ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். பின்பக்க ஒலிக்கான சரவுண்டு ஸ்பீக்கர்கள் சோபாவுக்கு இருபுறமும் சற்றே பின்னால், காதைவிடக் கொஞ்சம் மேலே. கூரை மூலைகளில் மாட்டாதீர்கள்.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து, எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்றால் 100. சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுவதும் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யும். 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். சோபாவில் எது பலமாகக் கேட்கிறதோ அது சரி. ரிசீவர் மைக் வைத்து அறையை அளந்து தானே சரிசெய்யும் ஆட்டோ காலிபரேஷனை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்யுங்கள். மேடாக எழும் ஒலியை அது அமுக்கும், அறையே தின்றுவிட்ட ஒலியை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. சப்வூஃபர் இருக்கும் தூரத்தை டேப்பில் அளந்ததைவிட நாலைந்து அடி அதிகமாகக் காட்டினால் மாற்ற வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட் ஏற்படுத்தும் தாமதத்தையும் ரிசீவர் சேர்த்துக் கணக்கிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் பணம் செலவழிக்க மனமிருந்தால், இப்போது இருக்கும் அதே மாடலில் இன்னொன்று வாங்குங்கள். ஒன்று டிவிச் சுவரின் நடுவில், மற்றொன்று எதிர்ச் சுவரின் நடுவில். எத்தனை சப்வூஃபர் போதும் என்று ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் ஆராய்ந்தபோது, எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் வைத்த இரண்டு சப்வூஃபர்களே எல்லா இருக்கைகளுக்கும் சீரான பேஸ் தருவதில் நல்ல பலன் காட்டின. ஒரு பெரியதைவிட இரண்டு சிறியவை மேல் என்பேன்.

இன்னொன்று. 'தொம்' என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு அறைச் சாமான்களின் கடகடப்பாகவும் இருக்கலாம். டோனை 30-லிருந்து 80 வரை மெல்ல ஏற்றிக்கொண்டே ஜன்னல் கண்ணாடி, கொக்கி, ஷோகேஸ், சுவர்க் கடிகாரம், பரண் மேல் அடுக்கிய பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள். கை வைத்ததும் சத்தம் நின்றால் அதுதான் ஆள். அந்த இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள்.