நடந்துகொண்டே ஆடும் கால்பந்தில் அடிபடுமா?

கேள்வி: எனக்கு 67 வயது. லண்டனில் மகளோடு இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக் காலத்தில் நன்றாகப் பந்தடித்தவன். இங்கே வயதானவர்கள் ஆடும் 'வாக்கிங் ஃபுட்பால்' குழுவில் போன மாதம் சேர்ந்தேன். சென்ற வாரம் ஆடும்போது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்தது போல வலித்தது, இப்போது குறைந்துவிட்டது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். மகள் போகவே வேண்டாம் என்கிறாள். நடக்கத்தானே செய்கிறோம், என்ன ஆபத்து?

பதில்: போங்கள் ஐயா, ஆனால் இந்த வாரம் வேண்டாம்.

2011-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் வயதானவர்களுக்காகவே தொடங்கிய ஆட்டம் இது. ஓடக் கூடாது, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், மோதலையும் முடிந்தவரை தவிர்க்கிறார்கள். அதனால் சாதாரணக் கால்பந்தில் வரும் பெரிய அடிகள் இங்கே குறைவுதான். சிக்கல் எதிராளியிடம் இல்லை, உங்களிடம்தான்! பந்தைக் கண்டதும் மனசுக்குப் பதினேழு வயதாகிவிடுகிறது, சட்டென்று ஒரு எட்டு எட்டி வைக்கிறோம், சடாரென்று திரும்புகிறோம், அந்த இழுப்பு பல வருடமாகச் சும்மா இருந்த கெண்டைக்கால் தசைக்குத் தாங்குவதில்லை.

கல்லால் அடித்தது போல என்று எழுதியிருக்கிறீர்களே, தசை நார் கிழியும்போது பலரும் சொல்வது அதைத்தான். குதிகாலுக்கு மேலே தடியாகத் தெரியும் தசைநாண் அறுந்தாலும் அப்படித்தான் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். முடியவில்லையா, வலி குறைந்திருந்தாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முடிகிறது, லேசாக வலிக்கிறது என்றால் அந்த வலி சுத்தமாகப் போகும்வரை ஆட்டம் கிடையாது. கால் வீங்கி, சூடாக இருந்தால் தைலம் போட்டு அமுக்கித் தேய்க்கவே தேய்க்காதீர்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். அப்புறம், அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்களா? அறுபதைத் தாண்டியவர்களுக்கு அவை தசைநாணைப் பலவீனமாக்கும். பலரும் இதை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, விழுவது. பந்தைப் பார்த்தபடியே பின்னால் நடக்கும்போதுதான் வயதானவர்கள் தடுமாறுகிறார்கள். திரும்பி நடந்து போங்கள், ஒரு கோல் போனால் போகட்டும், இடுப்பு எலும்பு முறிவதைவிட மேல். செயற்கைப் புல்லில் நீளமான ஆணி வைத்த பூட்ஸ் போட்டால் பாதம் ஊன்றி நிற்க, மூட்டு மட்டும் திருகிக்கொள்ளும். குட்டைக் குமிழ்கள் கொண்ட டர்ஃப் ஷூ வாங்குங்கள். சர்க்கரை இருப்பதால் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள், கொப்புளம் வந்தாலும் உறைக்காமல் போகலாம். இன்சுலினோ கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும், வெறும் மெட்ஃபார்மின் என்றால் சர்க்கரை தாழும் பயம் மிகக் குறைவு.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அபிக்சபான் மாதிரி ஏதாவது எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால், விழுந்து தலையில் பட்டதும் நன்றாக இருக்கிறேன் என்று வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகளிடம் இதைக் காட்டுங்கள். படியேறும்போது நெஞ்சை அடைக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அவரே கேட்கட்டும். ஆம் என்றால் முதலில் இதயப் பரிசோதனை, பிறகுதான் பந்து. இல்லையென்றால், ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு இறங்குங்கள், முதல் சில வாரம் பாதி ஆட்டம் போதும்.