அரை அங்குலமா, தோளில் அமர்வதா?

கேள்வி: சென்னையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறேன். நியூசிலாந்தில் உரிமத்தோடு மான் வேட்டைக்குப் போகும் அத்தை மகன் .308 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) ரைஃபிள் வாங்கப் பார்க்கிறார். ஒன்று 5 கிலோ; 100 மீட்டரில் ஐந்து குண்டும் 1.5 செ.மீ.க்குள் விழும். இன்னொன்று ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 3.5 கிலோ, 4 செ.மீ. பரவும். கனமானதைத்தான் வாங்கச் சொன்னேன். சரிதானே?
– வாசகர், பெரம்பூர், சென்னை-11

பதில்: மணல் மூட்டையில் சாய்த்துச் சுடுவதற்குச் சரி. மலையேறிச் சுட இரண்டாவதுதான் வேண்டும்.

செம்மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 20 செ.மீ. அகலம் என்று வையுங்கள். மையத்திலிருந்து 10 செ.மீ. 200 மீட்டரில் பரவல் இரட்டிக்கும்; மையத்திலிருந்து விலகுவது அதில் பாதி. அதாவது முதல் ரைஃபிள் 1.5 செ.மீ. விலகும், இரண்டாவது 4 செ.மீ. இரண்டுமே போதும். ஆனால் 5 கிலோவைச் சுமந்து மூச்சிரைக்க ஏறிவந்து நின்றபடி சுட்டால், கை ஆட்டமே அந்த 10 செ.மீ.யைத் தின்றுவிடும். மான் காயத்தோடு ஓடித் துடிக்க இதுவும் ஒரு காரணம்.

ரைஃபிள் தோளில் சரியாக அமர்கிறதா என்று கடையிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். காலி ரைஃபிள்தானா என்று இருமுறை பார்த்து, குளிர்க்கோட்டு போட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றட்டும். கண் திறந்ததும் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். ஓரத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்தால் ஸ்கோப்பை முன்பின் நகர்த்த வேண்டும். அப்படியும் போகாவிட்டால் கட்டையின் (தோளில் பதியும் பின்பகுதி) நீளம் அவருக்குப் பொருந்தவில்லை. நடக்கும்போது ஸ்கோப்பின் உருப்பெருக்கம் 3 அல்லது 4 மடங்கில் இருக்கட்டும். 12-ல் வைத்தால் 40 மீட்டரில் நிற்கும் மானையே தேட வேண்டிவரும்.

இலேசான ரைஃபிளின் மெல்லிய குழல் மூன்று நான்கு குண்டிலேயே சூடாகும், குறி நகரலாம். காட்டில் கணக்கு, குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான். குண்டுகள் விழும் பரப்பு திடீரென விரிந்தால் கட்டையைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்தனவா என்று முதலில் பாருங்கள். இலேசு நல்லது என்பதற்காக 3.5 கிலோவை விடவும் இலேசானதைத் தேட வேண்டாம். சுடும்போது தோளில் விழும் உதை கூடும், உதைக்குப் பயந்து விரல் வெடுக்கென்று இழுக்கும்.

இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் வேட்டைப் பேச்சே இல்லை. ஆனால் உங்கள் ரேஞ்சிலேயே இதை உணரலாம். 100 மீட்டரில் 20 செ.மீ. என்பது 10 மீட்டரில் 2 செ.மீ., அதாவது புது ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. அந்த வட்டத்தைத் தாளில் வரையுங்கள். விறைப்பான ஷூட்டிங் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு மாடி ஏறி இறங்கி, மூச்சு அடங்குமுன் நின்றபடி பத்து குண்டு சுடுங்கள். எத்தனை வெளியே போகின்றன என்று எண்ணி, அத்தை மகனுக்கு எழுதுங்கள்.