கடைசி வரிசை வண்டிகள்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். சின்ன வயதிலிருந்தே ஃபார்முலா ஒன் பார்க்கிறவன். 2021-ல் அணிகளுக்குச் செலவு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். எங்கள் செட்டில் ஒருவனுக்கும் அது பிடிக்கவில்லை. ஃபெராரியும் மெர்சிடிஸும் தங்கள் காசைச் செலவழிக்கிறார்கள். அதைத் தடுக்க இவர்கள் யார்? நாலு பிச்சைக்கார டீம் பிழைப்பதற்காக ஓடுகிறவன் காலைக் கட்டுவதா? செலவைக் குறைக்கிறேன் என்று 2010-ல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதை நிறுத்தினார்கள். 2014-ல் வி6 இன்ஜின் வந்து சத்தமும் போனது. இது ஒரு பக்கம் இருக்க, 2024-ல் சென்னைத் தெருவில் ஃபார்முலா 4 நடத்த அரசு பணம் போட்டது சரியா?

என் முக்கியமான கேள்வி இதுதான். உச்சவரம்பு வந்தபின் பெரிய டீம்கள் ஆட்களைக் குறைத்துவிட்டன என்கிறார்கள். என்னைப் போன்றவன் அங்கே வேலைக்குப் போக ஆசைப்படுவதில் அர்த்தம் இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

செலவுக் கட்டுப்பாட்டை யாராவது திட்டினால் எனக்கு ஃபார்முலா ஒன் ஓட்டிய நாராயண் கார்த்திகேயன் ஞாபகம் வந்துவிடும். இந்த 2026 விதிகள் வந்ததிலிருந்து அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் சிலவற்றை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். பழைய வி8, வி10 இன்ஜின்களின் சத்தம் எனக்கும் பிடிக்கும். அது போனது இழப்புதான், ஆனால் அதோடு பந்தயமே போய்விடவில்லை. எரிபொருள் நிரப்பும் கருவிகளை நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு போன செலவு மிச்சம், குழியில், அதாவது நடுவில் கார் வந்து நிற்கும் பிட்டில், தீப்பிடிக்கும் பயமும் மிச்சம். அதில் அழ ஒன்றும் இல்லை. சென்னைத் தெருப் பந்தயம் அரசுப் பணம் பற்றிய கேள்வி. அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம், இன்னொரு நாள் பேசுவோம்.

ஆனால் "பிச்சைக்கார டீம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. நம் ஊர்ப் பையன்கள் இருவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக். இரண்டு பேரும் பந்தயத்தில் உட்கார்ந்தது யாருடைய காரில்? ஃபெராரியிலா, மெர்சிடிஸிலா? நாராயண் முதலில் ஜோர்டானில், பிறகு எச்ஆர்டியில். கருண் 2010-ல் எச்ஆர்டியில், அடுத்த வருஷம் லோட்டஸுக்காக ஒரே ஒரு பந்தயம். எல்லாம் நீங்கள் பிச்சைக்கார டீம் என்று சொல்லும் அணிகள். அந்தக் கதவுகள் இல்லையென்றால் அந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இருந்திருக்காது. இதை யோசித்துவிட்டுத்தான் எழுதினீர்களா?

2005 ஜூன் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பகல், இங்கே இரவு பதினொன்றரை. ஜங்ஷன் பக்கம் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தையும் செலவையும் குறைக்க என்று அந்த வருஷம் ஒரு விதி போட்டிருந்தார்கள்: தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது. சரிவாகக் கட்டிய கடைசி வளைவை மிஷெலின் டயர் தாங்காது என்று வெள்ளிக்கிழமை ரால்ஃப் ஷூமாக்கர் மோதியபோதே தெரிந்துவிட்டது. வேறு டயர் போடலாமா, வேகம் குறைய வளைவில் ஒரு நெளிவு (சிக்கேன்) வைக்கலாமா என்று இரண்டு நாள் பேசினார்கள். முடிவு வரவில்லை. வார்ம்-அப் சுற்று முடிந்ததும் மிஷெலின் போட்டிருந்த 14 கார்களும் குழிக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்டிருந்த ஆறு கார்கள் மட்டும் ஓடின. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. டிக்கெட் வாங்கி வந்த ஜனம் பாட்டிலைத் தூக்கி டிராக்கில் எறிந்தது. அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். யோசிக்காமல் போட்ட சிக்கன விதி என்ன செய்யும் என்பதற்கு அன்றைய நாள்தான் சாட்சி. அடுத்த வருஷம் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

அதில் நாராயண் நான்காவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். மறுநாள் ஆபீஸில் சொன்னேன். "ஆறு பேர்ல நாலாவதா?" என்று சிரித்தார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை. அந்தக் காரைக் கட்டிய ஜோர்டான் அந்த வருஷ ஆரம்பத்தில்தான் வேறு முதலாளிக்குக் கைமாறியிருந்தது. கையில் பணம் இல்லை, காரில் வேகம் இல்லை. அப்படியும் வாராவாரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்தியவனுக்குத்தானே அன்றைக்குப் புள்ளி?

கடைசி வரிசை எதற்கு என்று கேட்பவர்கள், முதல் வரிசையில் நின்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மைக்கேல் ஷூமாக்கர் 1991-ல் முதல் பந்தயம் ஓட்டியது இதே ஜோர்டானில். செனா 1984-ல் டோல்மனில். அலோன்சோ 2001-ல் மினார்டியில். 2011-ல் எச்ஆர்டியில் நாராயணின் இடத்துக்கு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அப்போது ரொம்ப வருத்தம். அந்தப் பையன் டேனியல் ரிக்கியார்டோ, பின்னாளில் எட்டுப் பந்தயங்களை வென்றவர். இவர்கள் ஓட்டப் பழகிய இடங்களைத்தான் நீங்கள் பிச்சை என்கிறீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. செலவைக் குறைக்கும் விதி கொடுமை இல்லை தம்பி. குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, அதை நம்பி ஒருவன் வந்து இறங்கியபின் வாக்கை எடுத்துவிடுவதுதான் கொடுமை. இது நடந்திருக்கிறது. 2008 டிசம்பரில் பொருளாதாரச் சரிவைச் சொல்லி ஹோண்டா விலகியது. மற்றவர்களும் போய்விடுவார்கள் என்று பயந்து, சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் மோஸ்லி, 2010-லிருந்து விரும்பும் அணிகளுக்கு வருஷத்துக்கு நாலு கோடி பவுண்டு உச்சவரம்பு என்றார். அதற்குள் நிற்கும் அணிகளுக்குத் தொழில்நுட்பத்தில் கூடுதல் சுதந்திரம். இந்தக் கணக்கை வைத்துத்தான் புதியவர்கள் மனுப் போட்டார்கள். 2009 ஜூனில் காம்போஸ், மேனர், யுஎஸ் எஃப்1 என்று மூன்று புதிய அணிகளை அறிவித்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஃபெராரியும் மற்ற பெரிய அணிகளும் தனிப் பந்தயத் தொடர் நடத்தப் போகிறோம் என்று கிளம்பின. உச்சவரம்பு கைவிடப்பட்டது. பெரியவர்கள் தங்கினார்கள்.

புதியவர்கள் என்ன ஆனார்கள்? யுஎஸ் எஃப்1 ஒரு பந்தயத்துக்குக்கூட வரவில்லை. காம்போஸ் கைமாறி எச்ஆர்டி ஆனது. பஹ்ரைனில் 2010-ன் முதல் பந்தயம். கருணின் கார் இன்னும் பூட்டி முடியவில்லை. பயிற்சி ஓட்டங்களில் ஒரு சுற்றுகூட ஓட்ட முடியாமல், தகுதிச்சுற்றில்தான் முதல்முறையாக அந்தக் காரை ஓட்டினார். பந்தய வருஷத்தின் நடுவே சோதனை ஓட்டம் கூடாது என்று இன்னொரு சிக்கன விதி 2009-லேயே வந்திருந்தது. பழைய அணிகளுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, அவர்களிடம் பல வருஷக் கணக்கு இருந்தது. புதிதாக வந்தவன் எங்கே போய்ப் பழகுவான்? காசை மிச்சப்படுத்தும் வாக்கு போய்விட்டது, கையைக் கட்டும் விதி மட்டும் இருந்தது. எச்ஆர்டி 2012-ஓடு மூடியது. மேனர் பெயர் மாறி மாறி 2016 வரை ஓடிச் செத்தது. பிந்தி வந்து சேர்ந்த லோட்டஸும் கேட்டர்ஹாம் என்று பெயர் மாறி 2014-ல் போனது. அந்த வருஷங்களில் ரசிகர்கள் எழுதியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நடமாடும் தடைக்கற்கள் என்று எழுதினார்கள். ஏமாற்றப்பட்டவனைப் பார்த்துக் கேலி. ஏமாற்றியவனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் பெரியப்பா வண்டி மாடு வைத்திருந்தவர். கயத்தாறுக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர். பருத்திக்கொட்டையும் காணமும் ஊறவைக்கிற வாடையோடுதான் அந்த வீடு இருக்கும். கோயில் கொடைக்கு நடக்கும் மாட்டு வண்டிப் போட்டியில் பெரியப்பா ஜோடியை முந்த ஆள் கிடையாது. அப்புறம் காசுக்காரர்கள் வெளியூர் மாடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். உழவு மாட்டையே பூட்டி ஓட்டிக்கொண்டிருந்த சம்சாரிகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒரு கொடையில் மொத்தமே மூன்று வண்டி. ரோட்டோரம் நின்ற ஜனம் பாதியிலேயே கலைந்துவிட்டது.

அடுத்த வருஷம் விழாக் கமிட்டி உட்கார்ந்து பேசியது. பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி, பூஞ்சிட்டு என்கிற இளங்காளை தனி. சின்ன மாட்டுக்கு நுழைவுக் கட்டணம் குறைவு, தூரமும் குறைவு. பெரியப்பா குதித்தார். பூஞ்சிட்டு ஓடுறதுக்கெல்லாம் பரிசா, அப்புறம் என் மாட்டுக்கு என்ன மரியாதை என்று கேட்டார். கமிட்டியில் இருந்த ஒரு வயசாளி, "கடைசி வண்டின்னு ஒண்ணு இல்லன்னா நீரு யாரவே முந்தினீரு?" என்று திருப்பிக் கேட்டார். பெரியப்பா பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கொடையில் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. பூஞ்சிட்டு ஓடும்போதுதான் சத்தம் அதிகம். தங்கள் தெரு மாடு ஓடுகிறது என்று பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கமிட்டியிடம் எனக்குப் பிடித்தது என்னவென்றால், காசுக்காரர்கள் முறுக்கிக்கொண்டு போனபோதும் விதியை மாற்றவில்லை.

2021-ல் ஃபார்முலா ஒன்னில் ஒருவழியாக அது நடந்தது. 14.5 கோடி டாலர் உச்சவரம்பு, அடுத்த வருஷம் 14, அதற்கடுத்து 13.5. ஓட்டுநர் சம்பளமும் அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பேரும் விளம்பரச் செலவும் இதில் சேராது. முந்தின வருஷம் கடைசியில் வந்தவனுக்குக் காரின் மேல் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனை நேரம் அதிகம், முதலில் வந்தவனுக்குக் குறைவு. முதல் வருஷமே ரெட் புல் வரம்பைத் தாண்டியது. 70 லட்சம் டாலர் அபராதம், சோதனை நேரத்தில் பத்து சதவீதம் வெட்டு. அது போதாது என்பது என் கட்சி. ஆனாலும் விதி நின்றது. 2020-ல் கடன் வாங்கி மூச்சு விட்ட மெக்லாரன், மெர்சிடிஸிடம் இன்ஜினை விலைக்கு வாங்கி ஓட்டுகிற மெக்லாரன், 2024-ல் அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 2025-லும் வென்றது. ஓடுகிறவன் காலைக் கட்டிவிட்டார்கள் என்றீர்களே, எந்தக் கால்? 1998-க்குப் பிறகு அந்தப் பட்டத்தைத் தொடாத கால் அல்லவா ஓடியிருக்கிறது.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய அணிகள் ஆட்களைக் குறைத்தது உண்மை. சிலரை நிறுவனத்தின் வேறு வேலைகளுக்கு மாற்றினார்கள். ஆனால் வரம்பைத் தொடக்கூடக் காசில்லாமல் இருந்தவர்கள் ஆள் சேர்த்தார்கள். நாராயண் ஓட்டிய அந்த ஜோர்டான்தான் மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட் என்று கைமாறி இன்றைக்கு ஆஸ்டன் மார்ட்டின். சில்வர்ஸ்டோனில் அதே இடத்தில் 2023-ல் புதிய தொழிற்சாலையைத் திறந்தார்கள். 2026-ல் காடிலாக் பதினோராவது அணியாக வந்திருக்கிறது. அங்கெல்லாம் ஆள் வேண்டும்.

உங்கள் கல்லூரியில் ஃபார்முலா பாரத்துக்கு அணி இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். மாணவர்களே காரைக் கட்டி கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டும் போட்டி. மாருதி 800 இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டி இந்த நாட்டில் ஒரு தலைமுறையை ஓட்ட வைத்த கரிவர்தன் பெயரில் உள்ள டிராக் அது. அணி இல்லையென்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். அந்தப் போட்டியில் காரின் செலவுக் கணக்கை நடுவர்கள் முன்னால் வைத்து, ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் ஏன் இந்த விலை என்று பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. எல்லோரும் டிசைன் பக்கம் ஓடுவார்கள். நீங்கள் அந்தக் கணக்கு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கு உச்சவரம்புக்குள் ஓடும் எந்த அணிக்கும் அது தெரிந்த இன்ஜினியர் தேவைப்படுகிறார். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி